கலாம் வீடு வேறு, நினைவிடம் வேறு

ராமேஸ்வரத்தில் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் பிறந்த வீட்டைப் பார்க்கப் போவது பற்றி வாசகர்கள் கேட்டவை:

என் கொழுந்தனார் ‘கலாம் வீட்டுக்குப் போய் வந்தேன்’ என்று சொல்லி, தோட்டம், ஏவுகணை, வீணையோடு ஒரு சிலை என்று அடுக்குகிறார். நான் கேள்விப்பட்டதோ தெருவுக்குள் இருக்கும் ஒரு மாடி வீடு. எது சரி?
– வாசகி, திருவாரூர்

இரண்டும் சரி, ஆனால் இடம்தான் வேறு. கொழுந்தனார் பார்த்தது பேக்கரும்பில் உள்ள தேசிய நினைவிடம். கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் காலமானார். ஜூலை 30 அன்று அவரை அடக்கம் செய்த இடத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. இந்த நினைவிடத்தைக் கட்டியது. 2017 ஜூலை 27 அன்று திறந்தார்கள். பாம்பன் பாலம் தாண்டி ஊருக்குள் வரும் பெருஞ்சாலையிலேயே, கோயிலுக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது.

அவர் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்த வீடு ஊருக்குள், பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது. கோயிலிலிருந்து பத்து நிமிட நடை. ஆட்டோவில் ஏறி ‘கலாம்’ என்று மட்டும் சொன்னால் பேக்கரும்பில் கொண்டுபோய் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். ‘பள்ளிவாசல் தெரு, கலாம் பிறந்த வீடு’ என்று முழுசாகச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

எதை எங்கே தேடுவது என்பதிலும் குழப்பம் வரும். 2006இல் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தபோது அவர் அணிந்திருந்த உடையும் அவருடைய வீணையும் நினைவிடத்தில்தான் இருக்கின்றன. அவற்றை எதிர்பார்த்து வீட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். வீட்டில் இருப்பவை குடும்பப் பின்னணி, புகைப்படங்கள், விருதுகள், புத்தகங்கள். ராக்கெட்டைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு நினைவிடம் பிடிக்கும். அந்த மனிதர் எந்தத் தெருவிலிருந்து கிளம்பினார் என்று யோசிப்பவருக்கு வீடு பிடிக்கும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் வீட்டைத்தான் சொல்வேன்.

ஒரே நாளில் கோயில், கலாம் வீடு, நினைவிடம், தனுஷ்கோடி நான்கையும் பார்க்க முடியுமா? வயதான பெற்றோரும் வருகிறார்கள்.
– வாசகர், கோவில்பட்டி

முடியும், வரிசை மாறாமல் இருந்தால். விடிகாலையில் அக்னி தீர்த்தம், பிறகு 22 தீர்த்தங்கள், ஈர உடையை மாற்றிக்கொண்டு தரிசனம். இதிலேயே அரை நாள் போய்விடும். மதியம் ஒரு மணி வாக்கில் நடை சாத்துவார்கள். திரும்பத் திறக்கும் வரை லாட்ஜில் படுத்துக் கிடப்பதற்குப் பதில் அந்த நேரத்தைக் கலாம் வீட்டுக்குக் கொடுங்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணி போதும். வெள்ளிக்கிழமை மட்டும் நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்ஆ தொழுகைக்கு வருபவர்களால் தெரு நிரம்பியிருக்கும், அந்த நேரத்தில் காரைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்துவது மரியாதையும் இல்லை.

தனுஷ்கோடிக்குச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். நினைவிடம் நீங்கள் ஊருக்குள் வரும் வழியிலேயே இருப்பதால் அதற்கென்று தனியாக அலைய வேண்டாம். வரும்போதோ ஊர் திரும்பும்போதோ இறங்கிப் பார்க்கலாம். அங்கே உள்ளே கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. வண்டியில் ஒருவர் காவலுக்கு உட்கார்ந்து, பிறகு முறை மாற்றிக்கொள்வது நல்லது.

பெற்றோரைப் பற்றி ஒன்று. வீட்டில் அருங்காட்சியகம் இருப்பது மாடியில். படியேறித்தான் ஆக வேண்டும். மூட்டு வலி உள்ளவர் என்றால் அவருக்கு நினைவிடமே சௌகரியம்.

ஆடி, தை அமாவாசை நாட்களில் இந்தத் திட்டம் எதுவும் செல்லாது. கலாமின் நினைவு நாளான ஜூலை 27 ஆடி மாதத்தில் வருகிறது. அமாவாசையும் அதை ஒட்டி வந்துவிட்டால் ஊருக்குள் வண்டி நகராது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 45 பேரை அழைத்துப் போகிறோம். என்ன செய்தால் பயனுள்ளதாக இருக்கும்?
– ஆசிரியை, புதுக்கோட்டை

முதலில் பேருந்து. பள்ளிவாசல் தெருவுக்குள் பெரிய பேருந்தைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். வெளியே நிறுத்திவிட்டு நடத்திக் கூட்டிப்போங்கள். 45 பேரும் ஒரே மூச்சில் மாடி ஏறினால் முன்னால் நிற்பவர்கள் மட்டும் படங்களைப் பார்ப்பார்கள், மற்றவர்கள் முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்ப்பார்கள். பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இருபது நிமிடம், ஒரு ஆசிரியர் என்று வையுங்கள். காத்திருக்கும் குழுக்களைக் கோயில் மதில் ஓரமாக நடக்கவிடலாம். இது ஒரு குடும்பத்தின் வீடு என்பதைப் பிள்ளைகளிடம் போகும்போதே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு அதட்ட வேண்டியிருக்காது.

‘பார்த்ததை எழுது’ என்று பொதுவாகச் சொன்னால் 45 தாளிலும் ஒரே கட்டுரைதான் வரும். ஆண்டுகளைக் கொடுத்து அனுப்புங்கள்: 1980இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து ஏறியது, 1989இல் முதல் அக்னி ஏவுகணை, 1997இல் பாரத ரத்னா, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான படமோ பொருளோ எங்கே இருக்கிறது, வீட்டிலா நினைவிடத்திலா என்று குறித்து வரட்டும். திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் அவர் படித்த ஸ்வார்ட்ஸ் பள்ளியை வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

கலாமின் சுயசரிதையில் சுண்ணாம்பும் செங்கலும் சேர்த்துக் கட்டிய பழைய வீடு என்று இருக்கிறது. அங்கே இருப்பது சாதாரண மாடிக் கட்டடம். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது, அதனால் பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசினார்கள் என்றும் வருகிறது. ராமேஸ்வரம் கடைசி நிலையம் ஆயிற்றே, நிற்காமல் ரயில் எங்கே போகும்?
– வாசகர், சேலம்

நல்ல கேள்வி. வீடு பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய அந்தப் பழைய வீட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் முகப்பைப் பார்த்ததும் ‘இதுவா?’ என்றுதான் தோன்றும். மாறாமல் இருப்பது தூரம்தான். கோயிலிலிருந்து அந்தப் பத்து நிமிடத்தை ஆட்டோ வைக்காமல் நடந்து பாருங்கள். கோயில் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரியும் கலாமின் தந்தை ஜைனுலாப்தீனும் அவ்வளவு நெருங்கிய சிநேகிதர்களாக எப்படி இருந்தார்கள் என்பது கால்களுக்கே புரிந்துவிடும்.

ரயில் விஷயத்தில் பழைய வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அன்று தனுஷ்கோடி வரை ரயில் ஓடியது. இலங்கைக்குக் கப்பல் ஏறுபவர்கள் அதில்தான் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இடையில் நிற்பதை ரத்து செய்ததால், கட்டுகளை வழியிலேயே வீசிவிட்டு ரயில் தனுஷ்கோடிக்குப் போனது. விழுந்த கட்டுகளை எடுத்துச் சேர்க்கும் வேலையைத்தான் சிறுவன் கலாம் செய்தார். அந்தப் பாதையை 1964 டிசம்பர் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் தனுஷ்கோடிக்குப் போனால் பழைய ரயில் நிலையத்தின் சிதிலங்களைப் பாருங்கள்.

நினைவுக்கு ஏதாவது வாங்கி வரலாமா?
– வாசகி, ஈரோடு

சிப்பி, சோழிப் பொருட்கள் ஊரெங்கும் கிடைக்கின்றன, வாங்கலாம். கடற்கரையில் யாராவது பவளப்பாறைத் துண்டை நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.