வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து தத்தெடுப்பது: காகித வேலையும் காத்திருப்பும் – கேள்வி பதில்

நானும் கணவரும் அமெரிக்காவில் இருந்தபடி இந்தியாவிலிருந்து எங்கள் மகளைத் தத்தெடுத்தோம். அதற்குப் பிறகு இதே வழியில் வரும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காகித வேலையில் கூட இருந்து உதவுகிறேன். பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, ஊரில் தெரிந்த காப்பகம் ஒன்று இருக்கிறது. நேராகப் போய்ப் பேசலாமா? (டல்லாஸ்)

வேண்டாம். தத்து முழுவதும் மத்திய அரசின் காரா ஆணையம் வழியாகத்தான் நடக்க வேண்டும். காரா அங்கீகரித்த அமெரிக்க ஏஜென்சியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை எழுதி, காராவின் இணையதளத்தில் ஏற்றுவார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் சென்னையை நினைவுபடுத்துவேன். குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போன விவகாரம் 2005-இல் அங்கே வெளியே வந்தது. பெற்றவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கையெழுத்தும் அதற்காகத்தான்.

அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பையனை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டால் அழைத்து வந்துவிடலாம்தானே? நாங்கள் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். (நியூ ஜெர்சி)

தயவுசெய்து பத்திரத்தில் கை வைக்காதீர்கள். எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான், அதிகக் கண்ணீரும் இதில்தான்.

1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் செல்லுபடியாகலாம். அதை வைத்து அமெரிக்க விசா கிடைக்காது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் இருக்கின்றன. அதனால் குழந்தைக்காக அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் போடும் ஐ-800 மனுவுக்கு முதலில் தற்காலிக ஒப்புதல் வர வேண்டும், தத்து அதற்குப் பிறகுதான். முந்திக்கொண்டு தத்தெடுத்தால் அந்த மனுவே நிராகரிக்கப்படும்.

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்து பிள்ளையைக் கொடுக்கிறார்கள் என்றால், அவனை முறையாக வளர்க்க அவர்களால் இயலவில்லை என்று காட்ட வேண்டும். உங்கள் அண்ணன் வசதியாக இருந்தால் இது நடக்காது. பாசத்தோடு கொடுக்கிறார் என்பது அமெரிக்கச் சட்டத்தில் காரணமாகாது. பையனிடம் “அமெரிக்கா போகப் போகிறாய்” என்று சொல்லும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

நாங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். தத்தெடுக்கலாமா? (சியாட்டில்)

தத்தெடுக்க நீங்கள் தகுதியானவர்கள் என்று அமெரிக்க அரசிடம் ஒப்புதல் கேட்பது ஐ-800ஏ மனு. அதைப் போட உங்களில் ஒருவராவது அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழி இல்லை. 16 வயதுக்குள் தத்தெடுத்து, இரண்டு ஆண்டு சட்டப்படி பொறுப்பேற்று, இரண்டு ஆண்டு கூடவே வாழ்ந்திருந்தால்தான் அவர்கள் அந்தக் குழந்தையின் குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். நடைமுறையில், யாராவது ஒருவர் இந்தியாவில் போய் இருக்க வேண்டிவரும். பணம் கட்டும் முன்பே இதை யோசித்துவிடுங்கள்.

தனியாக வாழும் ஆண் நான், வயது 42. பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாமா?

முடியாது, சட்டம் அனுமதிக்காது. ஆண் குழந்தையைத் தத்தெடுக்கலாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் தனி நபருக்கு வரம்பு 40. உங்களுக்கு இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைதான்.

குழந்தையின் விவரம் வந்துவிட்டது! இனி எத்தனை படி?

வாழ்த்துகள். முடிவு சொல்லச் சில நாட்கள்தான் கிடைக்கும், எனவே மருத்துவ அறிக்கையை அன்றைக்கே வெளிநாட்டுத் தத்தில் அனுபவமுள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றும் மாதாமாதம் எப்படி ஏறியிருக்கின்றன என்று கேளுங்கள். ஒரே ஒரு நாளின் அளவை வைத்து அவரால் அதிகம் சொல்ல முடியாது.

சம்மதித்த பிறகு ஐ-800, அதன் தற்காலிக ஒப்புதல், டெல்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று. அப்புறம்தான் தத்து உத்தரவு. 2022 செப்டம்பர் முதல் அதைத் தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். அதன்பின் தத்து ஹேக் ஒப்பந்தப்படி நடந்தது என்று காரா தரும் சான்றிதழ், குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட், கடைசியில் விசா. விமான டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

காத்திருக்கும்போதே காகிதங்கள் காலாவதி ஆகின்றனவே, என்ன செய்வது?

ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம்தான். முடியும் முன்பே நீட்டிப்புக்கு மனு போட வேண்டும். ஃபோனில் மூன்று மாதம் முன்னதாக நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினாலோ, வேலை போனாலோ, கருவுற்றாலோ ஏஜென்சியிடம் உடனே சொல்லுங்கள். ஆய்வறிக்கையைத் திருத்த வேண்டும். ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் அப்போஸ்டில் முத்திரையை எந்த மாநிலம் ஆவணத்தைக் கொடுத்ததோ அந்த மாநிலம்தான் போடும். ஓஹையோவில் பதிந்த திருமணச் சான்றிதழுக்கு டெக்சாஸில் முத்திரை கிடைக்காது.

மூன்று வருஷமாகக் காத்திருக்கிறோம் அக்கா. மாமியார் ஃபோன் செய்யும்போதெல்லாம் “எப்ப வரும்?” என்கிறார். என்னால் முடியவில்லை.

உங்கள் வலி எனக்குப் புரிகிறதம்மா. சின்னஞ்சிறு குழந்தைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆவது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் கோப்பில் குறை இருப்பதாக நினைக்காதீர்கள். ஏஜென்சிக்கு மாதம் ஒரு முறை எழுதிக் கேளுங்கள், தினமும் இணையதளத்தைத் திறந்து பார்ப்பதை விடுங்கள். மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். “செய்தி வந்தால் முதல் ஃபோன் உங்களுக்குத்தான், அதுவரை கேட்காதீர்கள்” என்று அவர் சொன்னால் போதும்.

வயதில் மூத்த குழந்தைகளும் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளும் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மனதாரத் தயாராக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் பாருங்கள். சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக அவர்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனியும் காகிதம் உண்டா?

உண்டு. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் குழந்தையைப் பற்றிய அறிக்கை இந்தியாவுக்குப் போக வேண்டும். ஏஜென்சி எழுதும், நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். தத்து இந்தியாவிலேயே முடிந்து ஐஹெச்-3 விசாவில் வந்த குழந்தைக்குக் குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் தானாக வரும். வந்ததும் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இந்தியப் பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.