சாடி யார் வீட்டுச் சொத்து?

கேள்வி: யூஃப்ரோனியஸ் சாடி கிரேக்கர்கள் செய்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அதை இத்தாலிக்கு ஏன் கொடுத்தது? எங்கே இருந்தால் என்ன, பத்திரமாக இருந்தால் போதாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: களவு போன நகை பறிகொடுத்தவர் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும், செய்த ஆசாரி வீட்டுக்குப் போகாது.

சாடி பிறந்தது ஏதென்ஸில், கி.மு. 515 வாக்கில். வனைந்தவர் யூக்ஸிதியோஸ், தீட்டியவர் யூஃப்ரோனியஸ். இருவர் பெயரும் சாடியின் மேலேயே இருக்கின்றன. மதுவில் தண்ணீர் கலக்கும் பாத்திரம், சுமார் 45 லிட்டர் பிடிக்கும். முகப்பில் கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் ஜீயஸின் மகன் சார்பெடான் போரில் மாண்டு கிடக்கிறான். காயங்களிலிருந்து ரத்தம் ஒழுகுகிறது. தூக்கமும் மரணமும் சிறகு முளைத்த வீரர்களாக வந்து, குனிந்து அந்தப் பெரிய உடலைத் தூக்குகிறார்கள். அந்த உடலின் செம்மை பூசிய வண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வெறும் மண். உருவங்களை விட்டுவிட்டு, சுற்றிலும் இழைவான களிமண் குழம்பைப் பூசினார்கள். சூளையில் காற்றை அடைத்துப் புகையவிட்டதும் எல்லாம் கறுத்தது. மறுபடி காற்று விட்டபோது வெறும் மண் சிவந்தது, பூச்சு மட்டும் கறுப்பாகவே நின்றுவிட்டது. 2500 ஆண்டுகளாகியும் அந்தக் கறுப்பு மினுங்குகிறது!

அந்தக் காலத்தில் ஏதென்ஸ் சாடிகள் கப்பலேறி இத்தாலிக்குப் போயின. அங்கே வாழ்ந்த எட்ரஸ்கர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள், தங்கள் இறந்தவர்களோடு கல்லறையில் வைத்தார்கள். நேர்மையாக வாங்கிய பொருள் அது. ரோமுக்கு அருகே செர்வெட்டேரியில் அப்படியொரு கல்லறையை 1971 டிசம்பரில் திருடர்கள் தோண்டினார்கள். அதில் கிடைத்த இந்தச் சாடியை மறு ஆண்டே மெட்ரோபாலிட்டன் 10 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. லெபனான்காரர் ஒருவர் வைத்திருந்த சாடி என்று கதை சொன்னார்கள். 1995-ல் திருட்டுத் தொல்பொருள் வியாபாரி ஒருவரின் ஜெனீவா கிடங்கைச் சோதனை போட்டதிலிருந்து அந்தக் கதை கலையத் தொடங்கியது. 2006-ல் ஒப்பந்தம், 2008 ஜனவரியில் சாடி இத்தாலி வந்தது. இப்போது செர்வெட்டேரி மியூசியத்திலேயே இருக்கிறது.

'பத்திரம்' என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கல்லறையில் படுத்திருந்தது யார்? ஆணா, பெண்ணா? சாடிக்குப் பக்கத்தில் எந்தக் கிண்ணம் இருந்தது, எதை எதோடு சேர்த்து வைத்தார்கள்? முறையாக அகழ்ந்திருந்தால் அத்தனையும் குறிப்பில் ஏறியிருக்கும். திருடர்கள் விலை போகிறதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கலைத்துப் போட்டார்கள். சாடி மட்டும்தான் ஊர் திரும்பியது.