வாசகர் கேள்வி: விளம்பரமில்லாத கதைக் களஞ்சியம்

கேள்வி: தமக்குப் பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் புனைகதைகளைத் தொகுத்து வைக்கும் ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தில் விளம்பரமே இல்லையே, அதை நடத்துபவர்கள் யார்? (வாசகி ஒருவர், திருச்சி)

பதில்: ரசிகர்களேதான். 2007-ஆம் ஆண்டில், ரசிகர் கதைகளை வைத்துக் காசு பார்க்க ஒரு நிறுவனம் முனைந்ததும், வலைப்பதிவுத் தளமான லைவ்ஜர்னலின் நிர்வாகம் ரசிகர் பக்கங்கள் பலவற்றை முன்னறிவிப்பின்றி முடக்கியதும், சொந்த சர்வர் இல்லாமல் இனிக் கதியில்லை என்ற எண்ணத்தை அவர்களிடையே வலுப்படுத்தின. அதே ஆண்டில் அமெரிக்காவில் உருவான லாப நோக்கற்ற அமைப்பொன்று, 2009 நவம்பரில் இத்தளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டது. செலவுக்கு நன்கொடை, வேலைக்குப் பெரும்பாலும் தன்னார்வலர்கள்.

அவர்களுள் என்னை வியக்கவைப்பவர்கள், கதைகளைத் தேடிக் கண்டுபிடிக்க எழுதியவர்கள் இடும் குறிச்சொற்களை ஒழுங்குபடுத்துவோர். ஷெர்லாக் ஹோம்ஸ், ஜான் வாட்சன் இணையை ஒருவர் முழுப்பெயர்களால் குறிப்பார், இன்னொருவர் ‘ஜான்லாக்’ என்று சுருக்குவார். எழுதியவரின் சொல்லைத் திருத்தாமலேயே இரண்டையும் பின்னணியில் இணைத்து, எதைத் தேடினாலும் எல்லாக் கதைகளும் கிடைக்கும்படி செய்கிறார்கள். சம்பளம் வாங்குவோர்கூட இவ்வளவு பொறுமை காட்டுவது அரிது.

இத்தளத்துக்கு 2019-இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவு உலகின் ஹியூகோ விருது கிடைத்தது. படிக்கக் கணக்கு தேவையில்லை. எழுத விரும்பினால், கணக்கு தொடங்கத் தளம் அனுப்பும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும்.