அடிமை எவருடைய உடைமை?

கேள்வி: எசமான் அடித்த அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எசமானுக்குத் தண்டனை இல்லை என்று கிறிஸ்தவ வேதாகமத்தின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் கூறுவதை நீதி என்று ஏற்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஏற்க முடியாது. அடிமை எசமானின் உடைமை என்று அவ்வசனம் காட்டும் காரணமே என்னை மிகவும் வருத்துகிறது. தப்பி வந்த அடிமையை எசமானிடம் ஒப்புக்கொடுக்காதே என்னும் உபாகமம் 23:15ஐ எடுத்துக்காட்டி, அக்காலத்துக்கு இது இரக்கமான சட்டம் என வாதிடுவோர் உண்டு. அவ்வசனம் உண்மையிலேயே உயர்ந்தது, ஆயினும் அடிபட்டுப் பாயில் கிடந்தவனுக்கு அதனால் நீதி கிடைத்துவிடவில்லை. கொழும்பில் 1757இல் வுல்பெண்டால் ஆலயத்தைக் கட்டி முடித்த ஒல்லாந்தர், அதே வேதத்தை வாசித்துக்கொண்டுதான் இன்றைய கொம்பனித்தெருவில் அடிமைகளை அடைத்து வைத்திருந்தார்கள். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.