சி.ஆர்.பி. 12: இதயமா, பல்லா?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். வயது 48, பீடிப் பழக்கம் உண்டு. ஹெச்.எஸ். சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. மாரடைப்பு வருமா டாக்டர்?

பதில்: பதறாதீர்கள். கடித ஓரத்தில் 'கடைவாய்ப்பல் வீங்கி ஒரு வாரமாகக் கஞ்சிதான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என் கண்ணில் பட்டது. சி.ஆர்.பி. ஒரு புரதம்; உடம்பில் எங்கே அழற்சி, அதாவது புண்ணோ வீக்கமோ, இருந்தாலும் கல்லீரல் இதை அதிகம் சுரக்கும். 10-ஐத் தாண்டிய அளவை வைத்து இதயத்தைக் கணிப்பதில்லை. பல்லைச் சரிசெய்து, வீக்கம் வற்றி மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 1-க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு. 3-க்கு மேலேயே நின்றால் அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், அந்தப் பீடி. என் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான்; விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டும்போதே ஒன்று பற்றவைப்பார். புகை ரத்தக்குழாய்ச் சுவரைத் தினமும் புண்ணாக்குகிறது. இன்றே விடுங்கள் அண்ணே.