டோர்ட்மண்ட் வரும் தம்பிக்கு

"அக்கா, அக்டோபரில் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆட்டோமேஷன், ரோபாட்டிக்ஸ் முதுநிலைப் படிப்பில் சேருகிறேன். படிப்பே கதி என்று கிடந்தால் தனித்துப் போய்விடுவேனோ, நண்பர்கள் என்று சுற்றினால் தேர்வில் கோட்டை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்குக் குடிப்பழக்கமும் இல்லை. இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, இதே ஊரில் படித்து, இங்கேயே வேலை, குடும்பம் என்று நிலைத்துவிட்டவள் நான். ஆண்டுதோறும் நம் ஊர்ப் பிள்ளைகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊர் சுற்றிப் படிப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் அவர்களில் மிகக் குறைவு. அறைக்குள் அடைந்து கிடந்தவர்களும் இரவு வேலைக்கு ஓடியவர்களும்தான் தேர்வில் அதிகம் அடிபட்டார்கள். அதனால் நண்பர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு இரண்டு மூன்று விஷயங்களுக்கு.

முதலில் இங்கே படிப்பு நடக்கும் விதம். நம் ஊரில் வருகைப் பதிவு, உள்மதிப்பீட்டுத் தேர்வு, அசைன்மென்ட் என்று யாராவது பின்னால் நின்று தள்ளிக்கொண்டே இருப்பார்கள். இங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவே கிடையாது. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் பேராசிரியருக்கான கைதட்டல். தட்டிவிட்டு அவரவர் வழியில் போய்விடுவார்கள். நீங்கள் வந்தீர்களா, புரிந்ததா என்று கேட்க ஆளில்லை. அக்டோபர் நடுவில் தொடங்கும் வகுப்புகள் பிப்ரவரி தொடக்கத்தில் முடியும். அதன் பிறகு பல பாடங்களில் ஒரே ஒரு தேர்வு, முழு மதிப்பெண்ணும் அதில்தான். மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1.0 மிகச் சிறப்பு, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பு அத்துடன் முடிந்துவிடும். பொதுவாக ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போயும் அதே படிப்பைத் தொடர வழியில்லை.

யாரும் கேள்வி கேட்காத இந்தச் சுதந்திரம் நவம்பர் மாதத்தில் மிக இனிமையாக இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று இங்கே கணக்கிடுகிறார்கள். ஆக, வகுப்பும் சொந்தப் படிப்பும் தேர்வுத் தயாரிப்பும் சேர்த்து 900 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 35 மணி நேரம் வரும். ஓர் அலுவலக வேலைக்கு ஆகும் நேரம்தான். ஒழுங்காகச் செய்தால் மாலைகளும் சனி, ஞாயிறும் உங்களுடையவை. ஜனவரிக்குத் தள்ளிப்போட்டால் தூக்கமும் போய்விடும். முதல் செமஸ்டரில் ஆறு பாடத்தையும் முடித்தே தீருவேன் என்று நிற்காதீர்கள். நான்கை நன்றாக எழுதிவிட்டு மற்றதை அடுத்த முறைக்கு வைப்பது இங்கே சாதாரணம், அதைக் கேவலமாக யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தேர்வுக்குப் பெயர் பதிவதற்கும் விலகுவதற்கும் கடைசி நாள் உண்டு. உங்கள் படிப்பின் தேர்வு விதிகளை முதல் மாதமே படித்துவிடுங்கள். சீனியர் சொன்னார் என்று நம்பாதீர்கள், விதி படிப்புக்குப் படிப்பு மாறும்.

இனி நண்பர்கள். இங்கே நட்புக்கு ஒரு பருவம் உண்டு, அது அக்டோபர். வகுப்பு தொடங்கும் முன் துறை மாணவர் குழு அறிமுக நாட்களை நடத்தும். ஃபாக்ஷாஃப்ட் என்பார்கள். காலை உணவு, வளாகத்தைச் சுற்றிக் காட்டுதல், மாலையில் விளையாட்டு என்று இருக்கும். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும், போய்விடுங்கள். அந்த இரண்டு வாரம் எல்லோருமே புதியவர்கள், எல்லோருமே பக்கத்தில் உட்கார ஒரு முகத்தைத் தேடுவார்கள். டிசம்பரில் போய் நின்றால் குழுக்கள் அமைந்துவிட்டிருக்கும். பின்னால் நுழைய முடியாது என்றில்லை, மூன்று மடங்கு முயற்சி ஆகும், அவ்வளவுதான். விசா தாமதத்தால் நவம்பரில் வந்து சேரும் பிள்ளைகள் படும் பாடு எனக்குத் தெரியும். உங்களுக்கு நேரத்துக்கு வர முடிகிறது, அதை வீணாக்காதீர்கள்.

படிப்பையும் நட்பையும் தராசின் இரு தட்டாக நினைக்கிறீர்கள். இங்கே அவை பெரும்பாலும் ஒன்றாகவே நடக்கின்றன. மதியம் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது யாராவது "மென்சா?" என்று ஒரே சொல்லில் கேட்பார்கள். மென்சா என்பது மானிய விலை மாணவர் உணவகம். டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாலும் சரி, அவர்களோடு போய் அதே மேசையில் உட்காருங்கள். சைவ உணவுக்கும் அங்கே குறைவில்லை. அந்த அரைமணி நேரத்தில்தான் எந்தப் பேராசிரியர் எப்படிக் கேள்வி கேட்பார், பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும், யார் வீட்டில் அறை காலியாகிறது என்பதெல்லாம் தெரியவரும். அங்கிருந்துதான் படிப்புக் குழுவும் பிறக்கும். மூன்று, நான்கு பேர், வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். ஒருவர் கணக்கைப் பலகையில் போட வேண்டும், மற்றவர்கள் மறித்துக் கேட்க வேண்டும். தனியாகப் படிக்கும்போது புரிந்ததாகத் தோன்றியது எவ்வளவு புரியவில்லை என்பது பலகை முன் நின்றால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் பிரிவு ஆங்கிலத்தில் நடப்பதால் நம் நாட்டவர் நிறைய இருப்பார்கள். ஜெர்மன் மாணவர்களைச் சந்திக்க வகுப்புக்கு வெளியே போக வேண்டும். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பேட்மிண்டன் முதல் மலையேற்றம் வரை பயிற்சிகள் உண்டு, கட்டணம் குறைவு. பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே நல்லவை நிரம்பிவிடும், தேதியைக் குறித்து வையுங்கள். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் தவறாமல் போங்கள். ஜெர்மானியர்கள் ஒரே சந்திப்பில் ஒட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆறாவது, ஏழாவது வாரம் உங்களைக் காணவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று செய்தி அனுப்புவார்கள். அங்கிருந்து நட்பு தொடங்கும். "காபி குடிக்கலாமா?" என்று நீங்கள் கேட்க, அவர் நாட்காட்டியைத் திறந்து "இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை ஐந்து மணி" என்றால் மனம் சுருங்க வேண்டாம். அது தட்டிக்கழிப்பது அல்ல. அந்த வியாழன் ஐந்து மணிக்கு அவர் அங்கே நிற்பார். நீங்களும் நிற்க வேண்டும். பத்து நிமிடம் தாமதம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறந்தநாள் வாழ்த்தை மட்டும் முந்திச் சொல்லிவிடாதீர்கள், அதை அபசகுனமாக நினைப்பார்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது பகுதிநேர வேலையைப் பற்றி. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். அனுமதி இருக்கிறது என்பதற்காக முதல் செமஸ்டரிலேயே இறங்காதீர்கள். கரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், கெட்டிக்காரன், வந்த மாதமே பார்சல் கிடங்கு ஒன்றில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். விடியற்காலை திரும்பி வந்து தூங்கி எழும்போது குளிர்காலச் சூரியன் மறைய ஆயத்தமாகிவிடும், டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டு. வகுப்பும் போயிற்று, மென்சாவும் போயிற்று, வெளிச்சமும் போயிற்று. ஊரில் வாங்கிய கல்விக் கடன் அவனைத் துரத்தியது, அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பாடத்தில் மூன்றாவது வாய்ப்பில்தான் தப்பித்தான். விசாவுக்காக முடக்குக் கணக்கில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், நீங்கள் போட்டுவரும் பணத்தில் முதல் ஆறு மாதத்தைச் சிக்கனமாக ஓட்டுங்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆய்வு உதவியாளர் வேலை தேடுங்கள். ஊதியம் மிதமானதுதான். ஆனால் அந்த 140 நாள் கணக்கில் அது சேராது, தேர்வு நேரத்தில் நேரம் மாற்றித் தருவார்கள், பேராசிரியரின் குழுவோடு பழக்கமும் ஏற்படும்.

தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து வீடெடுப்பது நல்லதா என்று கேட்பீர்கள். நல்லதுதான். காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஆனால் வகுப்பு, சமையல், சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாமே அந்த நால்வரோடு என்றால், ஒரு சண்டை வந்தால் போதும், போக இடமிருக்காது. கூடவே வேறொரு வட்டமும் இருக்கட்டும். செமஸ்டர் கட்டணத்தோடு வரும் டிக்கெட்டில் வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் போகலாம். பக்கத்து ஹாம் நகரில், 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் உழைத்துக் கட்டியது. கோடைத் தொடக்கத்தில் தேர் ஓடும்போது தெருவெங்கும் தமிழ் கேட்கும். மனம் சோர்ந்தால் ஒரு நாள் போய்வாருங்கள்.

வீட்டுக்குப் பேசுவதற்கும் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே நான்கு மணி என்றால் அங்கே எட்டரை, அம்மா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். இரவு ஒன்பதுக்கு அழைத்தால் அவர் ஒன்றரை மணி வரை கண் விழித்திருக்க வேண்டும்.

குடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த பானம் எல்லா இடத்திலும் கிடைக்கும், அதை வாங்கிக்கொண்டு உட்காருங்கள். "நான் குடிப்பதில்லை" என்று ஒருமுறை சொன்னால் போதும், காரணம் கேட்டுத் துளைக்க மாட்டார்கள். பத்து மணிக்கு எழுந்து போவதையும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தீபாவளியன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அதற்குள் உங்களோடு மென்சாவில் சாப்பிடும் இரண்டு பேராவது கிடைத்திருக்க வேண்டும், அவர்களையும் அழைத்து வாருங்கள். எத்தனை பேர் என்பதை இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும்.