பத்தில் ஒரு பங்கு பனி, எவ்வளவு இழப்பு?

கேள்வி: பனி பொழியும் பகுதியில் அமையவிருக்கும் சோலார் பேனல்களின் மின் உற்பத்தியைக் கணினி மாதிரி கொண்டு கணிக்க முயல்கிறேன். பேனலின் பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பனி மூடினால், உற்பத்தியும் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. பனி எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்பதைவிட, எந்த செல்களை மூடியிருக்கிறது என்பதே இழப்பைத் தீர்மானிக்கிறது.

வழக்கமான 60 செல் பேனலில் எல்லாச் செல்களும் தொடராக இணைக்கப்பட்டு, இருபது இருபதாக மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பைபாஸ் டையோடு (நிழல்பட்ட பிரிவை ஒதுக்கி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விடும் உறுப்பு) பொருத்தப்பட்டிருக்கும். தொடர் இணைப்பில் மிகக் குறைந்த ஒளி பெறும் செல்தான் மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டுகிறது. சரிந்து இறங்கும் பனி பெரும்பாலும் கீழ் விளிம்பில்தான் தங்கும். பேனலை நெட்டாக (நீளப்பக்கம் மேல்கீழாக இருக்கும்படி) நிறுத்தியிருந்தால், அடிவரிசையிலுள்ள 6 செல்கள், அதாவது நீங்கள் சொல்லும் அதே பத்தில் ஒரு பங்கு, மூன்று பிரிவுகளுக்கும் பொதுவாக அமைந்துவிடுவதால், அங்கே தடித்த பனி படிந்தால் ஏறத்தாழ முழு உற்பத்தியும் போய்விடும். அதே பேனலைக் கிடையாக (நீளப்பக்கம் பக்கவாட்டில் இருக்கும்படி) வைத்திருந்தால் கீழ்ப்பிரிவு மட்டுமே விலகும். மற்ற இரண்டும் தொடர்ந்து இயங்கும். செல்களைப் பாதியாக வெட்டிச் செய்யும் அரைச்செல் பேனல்களில் மேல்பாதியும் கீழ்பாதியும் இணையாக இணைக்கப்பட்டிருப்பதால், நெட்டாக நிறுத்தினாலும் மேல்பாதி தப்பிக்கும். ஆகவே செல்களின் இணைப்பு வரைபடம் இல்லாத மாதிரியை நான் நம்பமாட்டேன்.

பேனல் முழுவதும் ஒரே சீராக மூடப்பட்ட நிலை வேறு. புதுப்பனி தன்மீது விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பிவிடுகிறது. உள்ளே நுழையும் எஞ்சிய ஒளியும் ஆழம் கூடக்கூட அடுக்குக்குறி முறையில் தேய்கிறது. மின்னோட்டம் ஒளிக்கு நேர்விகிதத்தில் விழுகிறது. மின்னழுத்தமோ மடக்கை விதிப்படி மெல்லவே இறங்குகிறது, குளிர் அதைச் சற்று உயர்த்தவும் செய்கிறது. மெல்லிய பனிக்கு அடியிலுள்ள பேனலில் மின்னழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாக நினைப்பது இதனால்தான். மாதிரியில் இரண்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

பனி எப்போது சரியும் என்பதற்கு, அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தைச் சேர்ந்த பில் மரியனும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட எளிய விதி இன்றும் பயன்படுகிறது. பேனல் தளத்தில் விழும் கதிர்வீச்சை (சதுர மீட்டருக்கு வாட் அளவில்) மைனஸ் 80-ஆல் வகுத்தால் வரும் வெப்பநிலையைவிடக் காற்று வெதுவெதுப்பாக இருந்தால் பனி நகரத் தொடங்கும். 800 வாட் வெயிலில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸே எல்லை. நகரும் அளவு சாய்கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. மணிக்கு ஒருமுறை இவ்வாறு பனியின் எல்லையை நகர்த்தி, அது தொடும் பிரிவு முழுவதையும் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டால், தொடக்கக் கணிப்புக்கு அதுவே போதும். மெல்லிய பனியை ஊடுருவும் ஒளியையும், பாதி மூடிய நிலையில் மின்திறன் வளைகோட்டில் தோன்றும் பல முகடுகளில் இன்வெர்ட்டர் (பேனலின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் கருவி) எதைப் பிடிக்கிறது என்பதையும் அதற்குப் பிறகு சேர்க்கலாம்.